பட்டா யார் பெயரில்? ஜமக்காளம் விற்பவருக்கு இன்டர்நெட் அடிப்படை

கேள்வி: பவானியில் 12 தறி வைத்து ஜமக்காளம் நெய்கிறோம். இதுவரை மொத்த வியாபாரிகளுக்குத்தான் கொடுத்து வந்தோம். இனி நேரடியாக விற்கலாம் என்று நினைக்கிறோம். டொமைன், ஹோஸ்டிங், வெப்சைட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவர் 45,000 ரூபாய்க்கு எல்லாம் செய்து தருவதாகச் சொல்கிறார். இன்டர்நெட் என்றால் என்ன, எங்கள் தொழிலுக்கு அது எப்படிப் பயன்படும் என்று அடிப்படையிலிருந்து சொல்ல முடியுமா?

பதில்:

முதலில் அந்த 45,000 ரூபாய். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், யார் பெயரில் பதிவாகும்? "அது எங்கள் அக்கவுண்ட்டில் இருக்கும், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். விலை கூடவா குறையவா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்பது கீழே புரியும். அதற்கு இன்டர்நெட்டின் உள்கட்டு கொஞ்சம் தெரிய வேண்டும்.

இன்டர்நெட் என்பது ஒரு கம்பெனியோ ஒரு கம்ப்யூட்டரோ இல்லை. உலகமெங்கும் தனித்தனியாக இருக்கிற லட்சக்கணக்கான நெட்வொர்க்குகள் ஒரே விதிமுறையில் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். 1969-இல் அமெரிக்காவில் அர்பாநெட் என்ற பெயரில் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். 1983 ஜனவரி 1 அன்று அது டிசிபி/ஐபி என்ற விதிமுறைக்கு மாறியது. இன்றும் உங்கள் போன் பேசுவது அந்த விதிமுறையில்தான். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் மூலமாக.

அந்த விதிமுறை செய்வது எளிய காரியம். நீங்கள் அனுப்பும் எதுவானாலும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் எண்ணை எழுதி அனுப்பும். ஒரு பொட்டலம் ஏறக்குறைய 1,500 பைட். 3 எம்பி அளவுள்ள ஒரு ஜமக்காளப் படம் 2,000-க்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் போகிறது. எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும் என்றில்லை. வழியில் தொலைந்ததை மட்டும் மறுபடி கேட்டு வாங்கி, மறுமுனையில் வரிசைப்படி அடுக்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் ஒருவர் உங்கள் படத்தைப் பார்க்கிறார் என்றால் அந்தப் பொட்டலங்கள் பெரும்பாலும் சென்னைக் கரையிலிருந்து கடலுக்கடியில் போகும் கேபிளில்தான் போகும். வானத்தில் சாட்டிலைட் வழியாகப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். போக்குவரத்தில் பெரும்பகுதி கேபிளில்தான்.

இன்டர்நெட்டும் வெப்பும் ஒன்றல்ல. இன்டர்நெட் சாலை என்றால் வெப் அதில் ஓடும் பஸ். இமெயில் வேறொரு வண்டி, வெப்பைவிட வயதில் மூத்தது. வெப்பை டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989-இல் முன்மொழிந்தார். 1993-இல் செர்ன் அதை யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. வரலாற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வெப்சைட் படுத்துவிட்டாலும் இமெயில் வந்துகொண்டிருக்கலாம், இமெயில் நின்றுபோனாலும் வெப்சைட் ஜோராக ஓடலாம். இரண்டும் தனித்தனி என்று தெரிந்தால்தான் கோளாறு எங்கே என்று தேட முடியும்.

வெப்சைட், இமெயில் போன்றவற்றைக் கேட்பவருக்கு எடுத்துத் தரும் கம்ப்யூட்டர்தான் சர்வர். ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு, ஐபி முகவரி. பழைய முறையில் 32 பிட், மொத்தம் சுமார் 430 கோடி எண்கள். அது போதாமல் போனதால்தான் 128 பிட் கொண்ட ஐபிவி6 வந்தது. எண்ணை யார் நினைவில் வைப்பார்கள்? அதனால் பெயரும், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற அமைப்பும் வந்தன. வாடிக்கையாளர் உங்கள் பெயரைத் தட்டியதும் அவருடைய போன், அவருடைய நெட் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரிடம் "இது எங்கே இருக்கிறது" என்று கேட்கும். அதற்குத் தெரியாவிட்டால் அது, .இன், .காம் போன்ற முடிவுகளின் பட்டியலை வைத்திருக்கும் ரூட் சர்வரைக் கேட்கும். ரூட், ".இன் என்றால் இவரைக் கேள்" என்று கைகாட்டும். .இன் சர்வர், "இந்தப் பெயருக்கு நேம்சர்வர் இது" என்று அடுத்த கையைக் காட்டும். அந்த நேம்சர்வரில் எழுதியிருக்கும் எண்தான் விடை. கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் வெப்சைட் திறக்கிறது.

இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. டொமைன் என்பது பெயர், அதைப் பதிந்து தருபவர் ரெஜிஸ்ட்ரார். நேம்சர்வர் என்பது அந்தப் பெயர் எங்கே போக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் குறிப்பேடு. ஹோஸ்டிங் என்பது வெப்சைட் ஃபைல்கள் கிடக்கும் வாடகைக் கம்ப்யூட்டர். மூன்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்கலாம், மூன்றிடத்திலும் வாங்கலாம். ஹோஸ்டிங் வாடகைக் கடை மாதிரி: பிடிக்கவில்லை என்றால் சரக்கை அள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். டொமைன் நிலம் மாதிரி. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். சரியாகச் சொன்னால் குத்தகை நிலம். ஆண்டுக் கணக்கில் கட்ட வேண்டும், .காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குக் கட்டலாம். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் அக்கவுண்ட்டில் டொமைனை வைத்திருந்து, மூன்று வருடம் கழித்து போனை எடுக்காமல் போனால், விசிட்டிங் கார்டிலும் பில்லிலும் பையிலும் அச்சடித்த அந்தப் பெயர் உங்கள் கையில் இல்லை. உங்கள் பணத்தில்தான் வாங்கியது என்று பில்லைக் காட்டினாலும் ரெஜிஸ்ட்ரார் பார்ப்பது அக்கவுண்ட்டில் இருக்கும் பெயரைத்தான்.

டொமைனை நீங்களே வாங்குங்கள்

அரைமணி நேர வேலை. .இன் அல்லது .காம் பெயர் விற்கும் ரெஜிஸ்ட்ரார் ஒருவரிடம் உங்கள் பெயரில், உங்கள் மொபைல் எண்ணில் கணக்குத் திறங்கள். ரெஜிஸ்ட்ரன்ட் (பெயருக்கு உரியவர்) என்ற இடத்தில் ஜிஎஸ்டி சான்றிதழில் இருக்கும் தொழில் பெயரை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஆண்டுக்கு சுமார் ஆயிரம் ரூபாய்க்கு ஒட்டி வரும். "முதல் வருடம் 99 ரூபாய்" என்று இருந்தால் அந்த 99-ஐப் பார்க்காதீர்கள், ரினியூவல் விலை, அதாவது அடுத்த வருடம் புதுப்பிக்கும் விலை, என்ன என்று பாருங்கள். அது பத்து மடங்காகக்கூட இருக்கும்.

ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குக் கொடுக்கும் இமெயில் அதே டொமைனில் உள்ள இமெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த இமெயிலும் செத்துவிடும். காலாவதியாகிவிட்டது என்ற எச்சரிக்கை, செத்த பெட்டிக்கே போய் விழும். இதற்கென்று தனியாக ஒரு ஜிமெயில் வைத்து, அதற்கு இரண்டடுக்குப் பாதுகாப்பும் (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டுவிடுங்கள்.

ஆட்டோ ரினியூவல் போட்டாயிற்று என்று நம்பி இருப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். கார்டு காலாவதி ஆகியிருக்கும், அல்லது தானாகப் பணம் எடுக்கும் அனுமதி பேங்கில் நிராகரிக்கப்பட்டிருக்கும். .காம் பெயர் காலாவதியானால் ரெஜிஸ்ட்ரார் அதிகபட்சம் 45 நாள் வரை வைத்திருக்கலாம், அதற்குள் சாதாரணக் கட்டணத்தில் மீட்டுவிடலாம். சிலர் அதற்கு முன்பே ஏலத்தில் விடுவார்கள். நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் எடுக்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது. ஆறாம் நாள் யார் முந்துகிறாரோ அவருடையது. நல்ல பெயர்களைப் பிடிக்கவே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே தடவையில் 5 ஆண்டுக்குக் கட்டிவிட்டு, காலாவதி தேதியைக் கடை காலண்டரிலும் எழுதி வையுங்கள்.

இப்போதே வேறொருவர் கணக்கில் பெயர் மாட்டிக்கொண்டிருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பெயரை வேறிடத்துக்கு மாற்ற விடாமல் போட்டிருக்கும் லாக்கை அவர் எடுத்துவிட்டு ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டைக் கொடுத்தால், உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் அதைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்த அல்லது சமீபத்தில் மாற்றிய .காம் பெயர்களை 60 நாள் மாற்ற முடியாது என்பது வழக்கம், அதனால் பதற வேண்டாம்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா? வைக்கலாம். .இந்தியா என்ற தமிழ் முடிவு இருக்கிறது, இலங்கைக்கு .இலங்கை, சிங்கப்பூருக்கு .சிங்கப்பூர். ஆனால் தமிழில் எழுதிய முகவரியில் இமெயில் வைத்தால் எதிராளியின் பல மென்பொருட்கள் ஏற்காது. ஆங்கில எழுத்துப் பெயரை முதன்மையாக வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயரையும் வாங்கி அதற்குத் திருப்பிவிடுவதே என் பரிந்துரை. பெயரில் 'பவானி ஜமக்காளம்' என்று சேர்க்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர். உண்மையில் அங்கே நெய்கிற நீங்கள், சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகப் பதிந்துகொள்ள விண்ணப்பிக்கலாம். பவர்லூம் சரக்கை அந்தப் பெயரில் விற்பவர்களை எதிர்த்துக் கேட்க அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும்.

இமெயில்

சொந்த டொமைனில் இமெயில் வைக்க நேம்சர்வரில் நான்கு பதிவுகள் வேண்டும். எம்எக்ஸ் என்பது உங்கள் பெயருக்கு வரும் தபால் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் தபால் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை உண்டு என்ற பட்டியல். டிகிம் ஒவ்வொரு தபாலிலும் போடும் டிஜிட்டல் முத்திரை. டிமார்க் என்பது இந்த இரண்டும் பொருந்தாத தபாலை என்ன செய்ய வேண்டும் என்று எதிராளியின் சர்வருக்கு நீங்கள் கொடுக்கும் உத்தரவு. இவை இல்லாத கொட்டேஷன் வாடிக்கையாளரின் ஸ்பாமில் போய் விழும். அவர் பார்த்திருக்கவே மாட்டார், நீங்களோ அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு எஸ்பிஎஃப்-ஐ இரண்டு தடவை எழுதுவது. இமெயில் கொடுத்தவர் ஒன்று போடச் சொல்லியிருப்பார், பிறகு பில் அனுப்பும் மென்பொருள்காரர் இன்னொன்று போடச் சொல்வார். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டாவது ஆள் சொல்வதை முதல் பதிவின் வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதிலும் மொத்தம் 10 தடவைக்கு மேல் டிஎன்எஸ்-ஐத் தேட வைக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. டிமார்க்கை முதலில் 'ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வையுங்கள். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் தபால்கள் எல்லாம் தேறுகின்றன என்று தெரிந்த பிறகு கடுமையாக்குங்கள்.

இன்னொரு விபத்து வெப்சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது நடக்கும். புதிதாக வருபவர் நேம்சர்வரையே மாற்றிவிடுவார். பழைய குறிப்பேட்டில் இருந்த எம்எக்ஸ் புதியதில் இருக்காது. வெப்சைட் புதுசாக மின்னும், இமெயில் அன்றோடு நின்றுபோகும், ஒரு வாரம் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள். எந்த மாற்றத்துக்கு முன்பும் டிஎன்எஸ் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் பழையபடி எழுதிவிடலாம். நேம்சர்வரைத் தொடாமல் அதில் எழுதிய பதிவை மட்டும் மாற்றுவதாக இருந்தால், முந்தின நாளே அதன் டிடிஎல்-ஐ (பழைய விடையை மற்ற சர்வர்கள் எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 3600-லிருந்து 300-க்குக் குறையுங்கள். மாற்றம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் பரவும்.

வெப்சைட்டில் என்ன இருக்க வேண்டும்

ஐந்தாறு பக்கம் போதும். முகப்பு, சரக்கு, எங்களைப் பற்றி, அனுப்பும் முறையும் திருப்பி எடுக்கும் முறையும், தொடர்பு. ஆன்லைனில் விற்பவர் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, புகார் கேட்பவர் விவரம், திருப்பிக் கொடுக்கும் விதிகள் ஆகியவற்றை வெளிப்படையாகத் தர வேண்டும் என்று 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. சட்டம் கேட்காவிட்டாலும், முகம் தெரியாத ஒருவர் முன்பணம் கட்டுவது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

உங்கள் சரக்குக்குப் படம்தான் உயிர். போன் கேமரா போதும். ஃப்ளாஷ் போடாதீர்கள், டியூப்லைட் வெளிச்சமும் வேண்டாம். நிறம் மாறித் தெரியும். காலையில் வெயில் நேரடியாக விழாத திண்ணையில் விரித்து எடுங்கள். ஒரு ஜமக்காளத்துக்கு ஐந்து படம்: முழு விரிப்பு, பட்டை நிறம் மாறும் இடத்தின் அருகாமைப் படம், ஓரமும் குஞ்சமும், பின்பக்கம், ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பது. கடைசிப் படம் இல்லாவிட்டால் அளவு யாருக்கும் புரியாது. "4 அடிக்கு 6 அடி, 122 செ.மீ.க்கு 183 செ.மீ." என்று இரண்டு அளவிலும் எழுதுங்கள், கிலோ கணக்கில் எடையும் எழுதுங்கள். கைத்தறியில் ஓரிரு அங்குலம் கூடக்குறைய வரும் என்பதையும், முதல் சலவையில் சாயம் விடுமா, தனியாகத் துவைக்க வேண்டுமா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "படத்தில் பார்த்த நிறம் இல்லை", "சின்னதாக இருக்கிறது" என்று திரும்பி வரும் சரக்கை இந்தப் பத்து வரி குறைக்கும்.

போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் 20 படம் உள்ள பக்கம் 80 எம்பி. கிராமத்தில் சிக்னல் மங்கிய இடத்தில் அதைத் திறப்பவர் காத்திருக்க மாட்டார். அகலம் 1,200 பிக்சலுக்குக் குறைத்து, ஒரு படம் 200 கேபிக்குள் வருகிற மாதிரி சுருக்குங்கள். அதே 20 படம் 4 எம்பியில் அடங்கும். இந்த இடத்தில் நெட் வேகக் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். கனெக்‌ஷன் விற்பவர் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். ஃபைல் அளவு மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. படம் ஏற்றுகிற உங்களுக்கு டவுன்லோடைவிட அப்லோடு வேகம் முக்கியம், அது என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

வாடிக்கையாளருக்கும் வெப்சைட்டுக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டி அனுப்ப எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேண்டும். இதற்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் உள்ளேயே இருக்கும். அந்தச் சான்றிதழ் நீண்ட காலம் வராது, 90 நாள் என்பது வழக்கமாக இருந்துவந்தது. தானாகப் புதுப்பிக்கும் வசதி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டால் வாடிக்கையாளருக்கு "பாதுகாப்பற்றது" என்று பெரிய எச்சரிக்கை வரும். அந்தச் சான்றிதழ் இருந்தால் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் பொருள். எதிரே இருப்பவர் நாணயமானவர் என்று அது சான்று தருவதில்லை. மோசடி வெப்சைட்டிலும் அந்தச் சான்றிதழ் இருக்கலாம்.

கூகுள், வாட்ஸ்அப், மார்க்கெட்பிளேஸ்

வெப்சைட்டுக்கு முன்பே கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைத் தொடங்கிவிடுங்கள். இலவசம். பவானிக்கு வருகிறவர் மேப்பில் "ஜமக்காளம்" என்று தேடினால் நீங்கள் தெரிய வேண்டும். பெயர் என்ற இடத்தில் கடைப் போர்டில் உள்ள பெயர் மட்டும். "சிறந்த ஜமக்காளம் மொத்த விலை பவானி ஈரோடு" என்றெல்லாம் சேர்த்தால் ப்ரொஃபைலை முடக்கிவிடுவார்கள். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால் தெரு, கடைப் போர்டு, தறி, சரக்கு ஆகியவற்றை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் 500 சரக்கு வரை கேட்டலாக் போடலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போகும், அதனால் ஒவ்வொரு விற்பனையிலும் "நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்" என்று கேட்பது அவசியம். அந்த சிம் தொழில் பெயரில் அல்லது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கடைப் பையனின் சொந்த நம்பரில் வாடிக்கையாளர்களைச் சேர்த்தால், அவன் வேலையை விட்ட அன்று அத்தனை பேரும் அவனோடு போவார்கள்.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற மார்க்கெட்பிளேஸ் கூட்டம் உள்ள சந்தை, அதில் கடை போடுவதில் தப்பில்லை. வாங்குபவரின் போன் நம்பரும் இமெயிலும் உங்களுக்குக் கிடைக்காது என்பதுதான் அதன் விலை. கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பி வரும் சரக்கின் செலவு மூன்றையும் கழித்து மிச்சம் பாருங்கள். விற்ற பணத்தில் வரிக்காக அவர்கள் முன்கூட்டியே பிடிக்கும் ஜிஎஸ்டி டிசிஎஸ் 2024 ஜூலை முதல் 0.5%, வருமான வரி டிடிஎஸ் 2024 அக்டோபர் முதல் 0.1%. இவை செலவல்ல, கணக்குத் தாக்கலில் உங்களுக்கே வரவாகும். ஆனால் தாக்கல் செய்தால்தான் வரும். வெளிமாநிலத்துக்கு இப்படி விற்க விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கேட்கும், உங்கள் நிலையை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்சல் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள்

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். உங்கள் ஜமக்காளம் தராசில் 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுருட்டிக் கட்டினால் 120 செ.மீ. நீளம், 25 செ.மீ. விட்டம்: 120 × 25 × 25 = 75,000, வகுத்தால் 15 கிலோ. அதையே மடித்து அழுத்திக் கட்டினால் 60 × 45 × 15 = 40,500, வகுத்தால் 8.1 கிலோ. சரக்கு ஒன்றுதான், கட்டுகிற விதத்தில் ஏறக்குறைய ஏழு கிலோ மிச்சம். சில கூரியர்கள் வேறு எண்ணால் வகுப்பார்கள், ஒப்பந்தத்தில் அந்த எண்ணைக் கேளுங்கள். வெப்சைட்டில் அனுப்பும் கட்டணத்தைத் தராசு எடையில் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் கூரியர் பில்லைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம் என்பேன், ஆரம்பத்திலாவது. கதவு வரை போய் "வேண்டாம்" என்று திரும்பும் சரக்குக்குப் போகவர இரண்டு கூலியும் உங்கள் தலையில்.

பணமும் மோசடியும்

நேரடியாக யுபிஐ-யில் வாங்கலாம். வெப்சைட்டில் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் சேவை) வைத்தால் கார்டு, நெட்பேங்கிங் எல்லாம் ஏற்கும். 2% கட்டணம் என்றால் அதன்மேல் 18% ஜிஎஸ்டி: 1,500 ரூபாய் சரக்குக்கு 30 ரூபாயும் 5.40 ரூபாயும், ஆக 35.40. பணம் கணக்கில் ஏற ஓரிரு வேலை நாள் ஆகும், அந்த இடைவெளிக்கு நூல் வாங்கும் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யுபிஐ-யில் ஒரு விதியை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ-யின் ரகசிய 'பின்' நம்பரைப் போட வேண்டியதே இல்லை. கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. ராணுவ முகாமுக்கு 50 ஜமக்காளம் வேண்டும் என்று போனில் பேசி, "எங்கள் முறைப்படி முதலில் இந்த கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வந்துவிடும்" என்பார்கள். ஸ்கேன் செய்து அந்த ரகசிய நம்பரைப் போட்டால் போவது உங்கள் பணம். "பணம் போட்டாச்சு" என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் பேங்க் ஆப்பில் வரவைப் பார்த்த பிறகே சரக்கை எடுத்துக் கொடுங்கள். கடையில் ஒட்டிய கியூஆர் மேல் வேறொருவர் ஸ்டிக்கர் ஒட்டுவதும் நடக்கிறது. காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் போட்டு யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

மொத்த ஆர்டர், ஏற்றுமதி என்று போகும்போது ஆபத்து இமெயிலில் வரும். உங்களுக்கும் வாங்குபவருக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தை ஒருவன் எட்டிப்பார்த்துக்கொண்டிருப்பான். பணம் அனுப்பும் நேரம் பார்த்து, உங்கள் பெயர் போலவே ஒரு டொமைன் வாங்கி, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று அவருக்கு எழுதுவான். ஆங்கில சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும், கண்ணுக்குத் தட்டுப்படாது. அதனால் எல்லா இன்வாய்ஸிலும் அச்சடியுங்கள்: "எங்கள் பேங்க் கணக்கு மாறினால் இமெயிலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம், பழைய நம்பரில் கூப்பிட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்." நூல் மில்லிலிருந்து உங்களுக்கு அப்படி ஒரு தபால் வந்தாலும் இதே விதிதான். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்கு முன் பேங்குகள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் நிதானமாகப் போனால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.

அந்த 45,000 ரூபாய்க்கு வருவோம்

டொமைனை நீங்களே வாங்கியாயிற்று என்றால் அவரிடம் கேட்க வேண்டியது வேலை மட்டும். கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை பக்கம், எத்தனை சரக்கு அவர் ஏற்றித் தருவார், ஹோஸ்டிங் யார் கணக்கில், இரண்டாம் ஆண்டிலிருந்து வருடச் செலவு எவ்வளவு, வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்தும் மென்பொருள்) என்றால் அதையும் அதன் ப்ளக்-இன் எனும் துணை மென்பொருட்களையும் மாதாமாதம் அப்டேட் செய்வது யார். அப்டேட் செய்யாமல் கிடக்கும் வேர்ட்பிரஸ்தான் சின்ன வெப்சைட்டுகள் ஹேக் ஆவதற்கு வழக்கமான காரணம். பேக்கப் வாரம் ஒரு முறை எடுத்து, அதில் ஒரு பிரதி அதே ஹோஸ்டிங்கில் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம், அவருக்குத் தனி யூசர். பாதிப் பணம் முன்னால். மீதி, கடையில் உட்கார்ந்து உங்கள் கையாலேயே ஒரு புதுச் சரக்கை ஏற்றி, விலையை மாற்றி, வேறொரு போனிலிருந்து ஒரு ஆர்டர் போட்டு, அந்த ஆர்டர் இமெயில் ஸ்பாமில் விழாமல் இன்பாக்ஸில் வந்ததைப் பார்த்த பிறகு.

வேலையின் வரிசையைக் கேட்டால், இந்த வாரம் டொமைனும் கூகுள் ப்ரொஃபைலும். அடுத்த வாரம் இமெயிலும் வாட்ஸ்அப் கேட்டலாக்கும். பிறகு இருபது ஜமக்காளத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எடையும் அளவும் எழுதி, மடித்த பார்சல் அளவையும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வெப்சைட் செய்பவரைக் கூப்பிடுவது அந்த நோட்டு நிறைந்த பிறகு. அது கையில் இல்லாமல் தொடங்கும் வெப்சைட்டுகள்தான் "சரக்கு விவரம் இன்னும் வரவில்லை" என்று மாதக்கணக்கில் பாதியில் நிற்கின்றன.